ஸ்டென்ட்டும் பைபாஸும் ஒரு வீட்டுப் பிள்ளைகள்



சென்ற ஆண்டு ஒரு விடியற்காலையில் எனக்கு மாரடைப்பு. முழுதும் அடைபட்டிருந்த ரத்தக்குழாயில் அவசரமாக ஸ்டென்ட் வைத்து உயிரைக் காப்பாற்றினார்கள். மறுநாளே, "மற்ற இரண்டு குழாய்களிலும் பல இடங்களில் அடைப்பு இருக்கிறது. உடம்பு தேறியதும் பைபாஸ் செய்துகொள்ளுங்கள்" என்றார் டாக்டர்.

"அதான் ஸ்டென்ட் வச்சாச்சே மாமா, இன்னும் எதுக்கு நெஞ்சைப் பிளக்கணும்? எல்லாம் காசு பிடுங்கத்தான்" என்றார் என் மைத்துனர். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. மூன்று வாரம் தள்ளிப்போட்டேன். வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? அந்த நாட்களில் இந்தச் சிகிச்சைகளின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

1958. அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக். டாக்டர் மேசன் சோன்ஸ் செய்த பரிசோதனையில் குழாய் தவறுதலாக இதயத் தமனிக்குள் நுழைந்து, சாயம் பாய்ந்துவிட்டது. நோயாளியின் இதயம் சில நொடிகள் நின்றது. இருமச் சொன்னார்கள், மீண்டும் துடித்தது. அந்தத் தவறிலிருந்து பிறந்ததுதான் இன்று நாம் சொல்லும் ஆஞ்சியோகிராம். அடைப்பு எங்கே என்று கண்ணால் பார்க்க முடிந்தது.

அர்ஜென்டினாவில் பன்னிரண்டு ஆண்டுகள் கிராம வைத்தியராக இருந்த ரெனே ஃபவலோரோ, அதே மருத்துவமனைக்கு வந்து, சோன்ஸின் படங்களை உட்கார்ந்து படித்தார். 1967இல் காலிலிருந்து எடுத்த ரத்தக்குழாயைக் கொண்டு அடைப்பைத் தாண்டிப் புதுவழி அமைத்தார். அதுவே பைபாஸ்.

1977 செப்டம்பர் 16. சூரிச் நகரில் ஆந்திரியாஸ் குருன்ட்ஸிக், நெஞ்சைத் திறக்காமலே பலூனால் அடைப்பை விரித்தார். ஏதாவது தவறினால் பைபாஸ் செய்ய அறுவை மருத்துவர்கள் தயாராக இருந்தார்கள். விரித்த குழாய் மறுபடி மூடிக்கொள்ளாமலிருக்க, 1986இல் பிரான்சின் துலூஸ் நகரில் ழாக் புவெல் முதல் ஸ்டென்ட்டை வைத்தார்.

இதைப் படித்ததும் எனக்கு விளங்கியது. இரண்டும் ஒரே படத்திலிருந்து பிறந்தவை, பகையாளிகள் அல்ல. ஸ்டென்ட், வாய்க்காலில் அடைத்த இடத்தைத் திறந்துவிடுவது. பைபாஸ், பல இடங்களில் தூர்ந்த வாய்க்காலுக்குப் பக்கத்தில் புது வாய்க்கால் வெட்டுவது. அன்று இரவு நிமிடங்கள்தான் இருந்தன, அதற்கு ஸ்டென்ட். மிச்ச ஆயுளுக்குப் பைபாஸ்.

நம் நாட்டின் முதல் பைபாஸும் 1975இல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியன் செய்ததுதான் என்று அறிந்தபோது தைரியம் வந்தது. கையெழுத்துப் போட்டேன். இன்று காலையும் மாலையும் நடக்கிறேன்.

உங்கள் வீட்டில் இந்த நிலை வந்தால், ஆஞ்சியோகிராம் படத்தைக் காட்டி விளக்கச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் இன்னொரு டாக்டரிடம் கேளுங்கள். ஸ்டென்ட் வைத்தபின் தரும் மாத்திரைகளை, டாக்டர் சொல்லாமல் ஒருநாளும் நிறுத்தாதீர்கள். மைத்துனர் பேச்சைக் கேட்டு மட்டும் முடிவெடுக்காதீர்கள். (அவர் இதைப் படிப்பார். கோபிக்க மாட்டார். ஆபரேஷன் அன்று எனக்கு ரத்தம் கொடுத்தவரே அவர்தான்.)

நலமோடு இருங்கள்.