சென்னைப் பெருநகரம்: மக்கள்தொகைப் பெருக்கமும் போக்குவரத்தும்

சென்னையின் போக்குவரத்து நெரிசலுக்கு மக்கள்தொகைப் பெருக்கமே காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அது பாதி உண்மை. குடியிருப்பும் வேலையிடமும் எந்தத் திசையில் நகர்ந்தன, ரயிலும் பேருந்தும் அவற்றுக்கு முன்னால் போயினவா பின்னால் போயினவா என்பதில் மறுபாதி இருக்கிறது.

நகரத்தின் அமைப்பே நெரிசலுக்கு இடம் கொடுப்பது. 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனி பெற்ற கடற்கரை நிலத்தில் கோட்டையும், அதையொட்டிப் பின்னாளில் ஜார்ஜ் டவுன் எனப்பட்ட வணிகப் பகுதியும் எழுந்தன. திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், எழும்பூர் போன்ற ஊர்கள் ஒவ்வொன்றாக அதனோடு சேர்ந்தன. கிழக்கே கடல் என்பதால், பாரிமுனையைக் காம்பாகக் கொண்டு பாதி விரித்த விசிறிபோல நகரம் பரவியது. வடக்கே ஜி.என்.டி. சாலை, மேற்கே பூந்தமல்லி நெடுஞ்சாலை, தெற்கே மவுண்ட் ரோடும் அதன் நீட்சியான ஜி.எஸ்.டி. சாலையும் விசிறியின் கம்பிகள். ஒரு கம்பியிலிருந்து இன்னொன்றுக்குக் குறுக்கே போகும் வழிகள் வெகு காலம் குறைவாகவே இருந்தன. நூறடிச் சாலை என மக்கள் அழைக்கும் உள்வட்டச் சாலை இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் வந்தது. வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை முழுமை பெற 2021 ஆயிற்று.

தொடக்கத்தில் வண்டிதான் முந்தியது. 1856இல் ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்டது. 1895இல் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. இந்தியாவில் மின் டிராம் கண்ட முதல் நகரம் இதுவே. 1931இல் கடற்கரை–தாம்பரம் மீட்டர்கேஜ் பாதையில் மின்சார ரயில் விடப்பட்டது. மாம்பலத்து ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகரை மனை மனையாக வகுத்துக்கொண்டிருந்த காலம் அது. ‘எலெக்ட்ரிக் டிரெயின்’ இருக்கிறது என்ற துணிவில் அலுவலகக் குமாஸ்தாக்கள் ஜார்ஜ் டவுனை விட்டு மாம்பலத்துக்கும், பிறகு குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் குடிபோனார்கள். பாதையை ஒட்டி வீடு என்ற இந்த ஒழுங்கு அதன்பின் எந்தத் திசையிலும் இவ்வளவு சரியாக அமையவில்லை.

1941இல் 7.77 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1951இல் 14.16 லட்சமானது. சைதாப்பேட்டை முதலிய பகுதிகள் 1946இல் மாநகராட்சியோடு இணைக்கப்பட்டதும் இதற்கு ஒரு காரணம். 1971இல் அது 24.7 லட்சத்தை எட்டியது. பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலை, கிண்டி, அம்பத்தூர் தொழிற்பேட்டைகள், எண்ணூர் லாரி ஆலை எனப் பிழைப்பு நகரின் விளிம்புகளில் பெருகிய காலம் இது. ஆனால், டிராம் கம்பெனி நொடித்து 1953இல் வண்டிகளை நிறுத்திவிட்டது. அதன் இடத்தைப் பேருந்துகள் ஏற்றன. 1972இல் அவை பல்லவன் போக்குவரத்துக் கழகத்தின்கீழ் வந்தன. அடுத்த ஆண்டு ஜெமினி ஸ்டுடியோ அருகே நகரின் முதல் மேம்பாலம் திறக்கப்பட்டது. அதிகாரப்பூர்வப் பெயர் அண்ணா மேம்பாலம் என்றாலும், ஸ்டுடியோ போன பிறகும் அது ஜெமினி பாலம்தான்.

பெருநகர வளர்ச்சிக் குழுமம் 1970களில் தந்த முதல் முழுமைத் திட்டம் மறைமலை நகர், மணலி புதுநகர் போன்ற துணைநகரங்களால் நெருக்கடியைத் தணிக்க எண்ணியது. மனை பிரிப்பதால் மட்டும் மக்கள் போய்விடுவதில்லை. மறைமலை நகர் களைகட்டியது 1990களில் கார் ஆலை வந்த பிறகே.

மக்களோ தாமாகவே வெளியேறிக்கொண்டிருந்தார்கள். 2001–2011 பத்தாண்டில் மாநகராட்சியின் பழைய எல்லைக்குள் மக்கள்தொகை 43.4 லட்சத்திலிருந்து 46.5 லட்சமாக, அதாவது சுமார் 7 விழுக்காடே கூடியது. அதே காலத்தில் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டம் 38 விழுக்காட்டுக்கு மேலும், திருவள்ளூர் மாவட்டம் சுமார் 35 விழுக்காடும் வளர்ந்தன. ஆகவே நெரிசலின் கணக்கு தலைகளின் எண்ணிக்கையோடு முடிவதில்லை. ஒவ்வொருவரும் நாள்தோறும் கடக்கும் தொலைவும் அதில் சேரும். வெளியே பெருகிய அந்தப் பகுதிகளில் சிலவற்றைச் சேர்த்துக்கொண்டு, 2011 அக்டோபரில் மாநகராட்சி 426 சதுர கி.மீ. ஆக விரிந்தது.

பேருந்து அந்தத் தொலைவுக்கு ஈடுகொடுக்கவில்லை. 1970இல் நகரப் பயணங்களில் ஐந்தில் இரண்டு பங்கு பேருந்தில் நடந்தது. சைக்கிள் ஐந்தில் ஒரு பங்கு. மோட்டார் இருசக்கர வண்டிகள் நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. 2008 ஆய்வில் பேருந்தும் இருசக்கர வண்டியும் ஏறத்தாழ ஆளுக்குக் கால்வாசி. மெயின் ரோட்டில் இறங்கி உட்புறக் குடியிருப்புக்கு இரண்டு கிலோமீட்டர் போக வேண்டியவருக்கு ஷேர் ஆட்டோ, இல்லையேல் சொந்த வண்டி. வேறு வழி இருக்கவில்லை.

நெரிசலைக் கண்ட அரசுகள் பெரும்பாலும் கையாண்ட மருந்து, நெரிசல் உண்டாக்குவதை ஊருக்கு வெளியே பெயர்ப்பது. 1996இல் கொத்தவால் சாவடிக் காய்கறிச் சந்தை கோயம்பேட்டுக்குப் போனது. 2002இல் பாரிமுனையிலிருந்து வெளியூர்ப் பேருந்துகளும் அங்கே போயின. சில ஆண்டுகளிலேயே கோயம்பேடும் நடு ஊராகிவிட்டது. பொங்கல், தீபாவளிக்கு முந்தைய இரவுகளில் பெருங்களத்தூரைத் தாண்டுவதே பெரும்பாடாயிற்று. 2023 டிசம்பர் 30 அன்று வண்டலூரை அடுத்த கிளாம்பாக்கத்தில் 88 ஏக்கரில் புதிய முனையம் திறக்கப்பட்டது. தென்மாவட்டப் பேருந்துகள் நகருக்குள் நுழைவது குறைந்தது. ஆனால் திறந்த நாளில் அங்கே ரயில் நிலையம் இல்லை. வடசென்னைக்காரர் மதுரைப் பேருந்தைப் பிடிக்க முதலில் முப்பது கிலோமீட்டருக்கு மேல் மாநகரப் பேருந்தில் போக வேண்டியதாயிற்று.

ரயில் பின்தங்கியதற்குப் பறக்கும் ரயிலே பெரிய சான்று. பக்கிங்ஹாம் கால்வாயின் மேலும் ஓரத்திலும் தூண் நட்டுக் கட்டப்பட்ட அது, 1995இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரையும், 1997இல் மயிலாப்பூருக்கும், 2007இல் வேளச்சேரிக்கும் வந்தது. அங்கிருந்து பரங்கிமலைக்கு எஞ்சிய ஐந்து கிலோமீட்டர் நில எடுப்பு வழக்குகளில் சிக்கிப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் இழுத்தது. மெட்ரோ ரயில் 2015 ஜூன் 29 அன்று கோயம்பேடு–ஆலந்தூர் இடையே தொடங்கி, 2019இல் முதல் கட்டத்தை முடித்து, 2021இல் விம்கோ நகரை எட்டியது.

பழைய மகாபலிபுரம் சாலையின் கதை இன்னும் தெளிவு. 2000இல் தரமணியில் டைடல் பார்க் திறந்தபின் சோழிங்கநல்லூர், சிறுசேரி வரை தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் நிறைந்தன. அவற்றைத் தொடர்ந்து அடுக்குமாடிகள், பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் விளிம்பு வரை. 2008இல் சாலை ஆறு வழியானது. அந்தத் தடத்துக்கான ரயில், மாதவரம்–சிப்காட் வழித்தடமாக மெட்ரோ இரண்டாம் கட்டத்தில்தான் சேர்ந்தது. 63,246 கோடி ரூபாய் மதிப்பிலான அக்கட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்தது 2024 அக்டோபரில்.

பெருநகரப் பகுதியின் எல்லை 2022இல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிக்கப்பட்டது. அரக்கோணத்தையும் தொடும் அந்த எல்லைக்குள் மனைப்பிரிவுகள் ஏற்கெனவே விற்பனையில் இருக்கின்றன.