இரண்டாம் முறை அம்மை குத்தியவர்கள்

மாட்டம்மையைக் கொண்டு பெரியம்மையைத் தடுக்கும் முறையை 1798இல் நூலாக வெளியிட்ட எட்வர்ட் ஜென்னர், மாட்டம்மை ஒருமுறை கண்ட உடல் அதன்பின் வாழ்நாள் முழுவதும் பெரியம்மைக்கு இடங்கொடாது என்று உறுதியாக நம்பினார். பெரியம்மை கண்டு பிழைத்தவருக்கு அந்நோய் பெரும்பாலும் திரும்ப வருவதில்லை என்பது எங்கும் அறியப்பட்ட உண்மையாக இருந்ததால், மாட்டம்மையும் அதே காவலைத் தரும் என்ற ஊகம் இயல்பாகவே தோன்றியிருக்க வேண்டும். காவல் கிடைக்கும் என்பது சரி. அது என்றென்றும் நிற்கும் என்பதே பிழை. அந்தப் பிழை தெரியவந்த பிறகும் அதைத் திருத்தும் பொறுப்பு, அதாவது வளர்ந்தவர்களுக்கு மறுபடியும் அம்மை குத்தும் பொறுப்பு, பொதுமக்கள் அனைவருக்குமானதாக ஏற்கப்படவில்லை என்பதே இவ்வரலாற்றில் மீண்டும் மீண்டும் காணப்படும் செய்தியாகும்.

1818ஆம் ஆண்டையொட்டி எடின்பரோ நகரில் பரவிய அம்மையில், சிறுவயதில் அம்மை குத்திக்கொண்டவர்களும் நோய்ப்பட்டனர். அவர்களுக்குக் கொப்புளங்கள் குறைவாகவும் நோய் தணிந்தும் காணப்பட்டதால், மருத்துவரான ஜான் தாம்சன் 1820இல் வெளியிட்ட நூலில் இதனை 'வேரியலாய்டு', அதாவது பெரியம்மையை ஒத்த நோய், என்று குறித்தார். காவல் முற்றிலும் அழிவதில்லை, ஆனால் காலப்போக்கில் தேய்கிறது என்பதற்கு இதுவே தொடக்கச் சான்றுகளுள் ஒன்று. பின்னர் லண்டன் பெரியம்மை மருத்துவமனையில் நெடுங்காலம் பணியாற்றிய ஜேம்ஸ் மார்சன், அம்மை குத்தியதால் கையில் நன்கு பதிந்த தழும்புகள் மிகுதியாக உள்ள நோயாளிகளிடையே இறப்பு குறைவாக இருப்பதைக் கணக்கிட்டுக் காட்டினார். அங்குப் பணியில் சேரும் செவிலியருக்கு மறுபடி அம்மை குத்தும் வழக்கமும் அவர் காலத்தில் நிலைபெற்றிருந்தது.

மறுமுறை குத்துவதை முதலில் பெருமளவில் நடைமுறைப்படுத்தியவை ஜெர்மானிய அரசுகளின் படைகளே ஆகும். வூர்ட்டம்பெர்க் அரசு 1829இலும், பிரஷ்யா 1834இலும் படைவீரர்களுக்கு மறுபடி அம்மை குத்தும் முறையைக் கொண்டுவந்தன. ஒரே கூரையின்கீழ் நெருக்கமாக உறங்கும் இளைஞர் கூட்டத்தில் ஒருவருக்கு நோய் கண்டால் படையே முடங்கும் என்ற அச்சம் இதற்குக் காரணமாக இருந்ததேயன்றி, வளர்ந்த மனிதரின் உடல்நலம் பற்றிய பொதுவான அக்கறை அன்று. 1870-71இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் நடந்த போரின்போது பெரியம்மை பிரெஞ்சுப் படையைக் கடுமையாகத் தாக்க, மறுமுறை குத்தப்பட்டிருந்த பிரஷ்யப் படையில் இழப்பு மிகச் சிறிதாக இருந்தது. இந்த வேறுபாடு கண்கூடாகத் தெரிந்த பின்னரே, குழந்தைப் பருவத்தில் ஒருமுறையும் பன்னிரண்டாம் வயதில் மறுமுறையும் அம்மை குத்துவதைக் கட்டாயமாக்கும் சட்டம் 1874இல் ஜெர்மனியில் இயற்றப்பட்டது.

இங்கிலாந்தின் போக்கு வேறாக இருந்தது. அங்கு 1853இல் வந்த சட்டம் கைக்குழந்தைகளுக்கு மட்டுமே அம்மை குத்துதலைக் கட்டாயமாக்கியது. வளர்ந்தவர்களைப் பற்றி அது பேசவில்லை. அதன் விளைவாகப் பெரியம்மையின் சுமை மெல்ல மெல்லக் குழந்தைகளிடமிருந்து பெரியவர்கள்மீது நகர்ந்தது. தழும்புள்ளவர்களும் நோயுறுவதைத் தடுப்பூசி எதிர்ப்பாளர்கள் அம்முறை பயனற்றது என்பதற்கான சான்றாகக் காட்டினர். தேய்ந்த காவலைப் புதுப்பிக்க வேண்டும் என்று கொள்ளவேண்டிய செய்தியைக் காவலே இல்லை என்று அவர்கள் வாசித்தது வருந்தத்தக்கது. ஆயினும் அவ்வாறு வாசிக்க இடம் வைத்தது பாதி வழியில் நின்றுவிட்ட சட்டமே ஆகும்.

இந்தியாவில் முதன்முதலாக 1802 ஜூன் 14 அன்று பம்பாயில் ஒரு மூன்று வயதுக் குழந்தைக்கு அம்மை குத்தப்பட்டது. 1880இல் வந்த இந்தியச் சட்டமும் இங்கிலாந்தின் வழியைப் பின்பற்றிக் குழந்தைகளையே மையமாகக் கொண்டது. சென்னை மாகாணத்தில் பெருந்தடையாக இருந்தது வெயில்: கன்றுகளின் தோலிலிருந்து எடுக்கப்படும் அம்மைப்பால் வெப்பத்தில் விரைவில் வீரியம் இழந்துவிடும். மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த டபிள்யூ. ஜி. கிங் என்பவர் அதனை லானோலின் என்னும் ஆட்டுரோமக் கொழுப்பில் குழைத்துக் காக்கும் முறையை வகுத்தார். 1899இல் கிண்டியில் அமைந்த அம்மைப்பால் நிலையம் அவர் பெயராலேயே கிங் நிலையம் என்று இன்றும் வழங்குகிறது.

தமிழகத்தில் வளர்ந்தவர்கள் பெருந்திரளாக அம்மை குத்தப்பட்ட இடங்களுள் ஒன்று, இலங்கைத் தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளர்களுக்காக இலங்கை அரசு நடத்திய மண்டபம் முகாம். கப்பலேறுமுன் அங்குத் தங்கவைக்கப்பட்டு, உடல் ஆய்வுக்கும் அம்மை குத்துதலுக்கும் உட்படுத்தப்பட்ட அம்மக்களுக்கு ஊசி குத்தப்பட்டது அவர்கள் நலத்துக்காக மட்டும் அன்று. தோட்டத்தின் வேலை நிற்காமல் இருக்கவும் ஆகும். படைவீரர், தோட்டத் தொழிலாளி, கடல் கடக்கும் பயணி என எவருடைய உடல் ஒரு நிறுவனத்துக்கு அல்லது எல்லைக்கு முக்கியமோ அவருக்கே மறுமுறை குத்து எளிதில் கிடைத்தது. 1951இல் வகுக்கப்பட்ட பன்னாட்டுச் சுகாதார ஒழுங்குமுறைகளின்படி பெரியம்மைச் சான்று மூன்று ஆண்டுகளே செல்லும் என்பதால், பயணிகள் அடிக்கடி கை நீட்ட வேண்டியிருந்தது. ஊரிலேயே இருந்தவருக்கு அத்தகைய கணக்கு ஏதும் இல்லை. 1962இல் தொடங்கிய இந்தியப் பெரியம்மை ஒழிப்புத் திட்டத்தில்கூட, எளிதில் கைக்கு எட்டிய பள்ளிப் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் குத்தப்பட, கூலிக்காக அலைந்தவர்கள் பலர் விடுபட்டனர். எண்ணிக்கை உயர்ந்தும் நோய் ஓயாததற்கு இது ஒரு காரணமாயிற்று.

பெரியம்மை ஒழிந்துவிட்டதாக 1980இல் அறிவிக்கப்பட்டது. ஆனால் தேயும் காவலின் சிக்கல் அத்துடன் போய்விடவில்லை. தொண்டை அடைப்பான் எனப்படும் டிப்தீரியாவுக்குக் காரணமான கிருமி நஞ்சு ஒன்றைச் சுரக்கிறது. அந்நஞ்சின் தீமையை நீக்கி, உடலை எதிர்ப்புக்குப் பழக்கும் 'டாக்சாய்டு' என்னும் மருந்தைக் காஸ்டன் ரமோன் என்ற பிரெஞ்சு அறிஞர் 1920களில் உருவாக்கினார். முன்னாளில் கிருமி எங்கும் திரிந்ததால் மக்களின் எதிர்ப்பு தானாகவே அவ்வப்போது புதுப்பிக்கப்பட்டது. குழந்தைகளுக்குத் தடுப்பூசி பரவிக் கிருமி அருகியபோது பெரியவர்களுக்கு அந்தப் புதுப்பித்தல் நின்றுபோக, அவர்கள் காவலற்றவர்களாயினர். இதன் விலையைச் சோவியத் ஒன்றியம் உடைந்த காலத்தில் அந்நாட்டு மக்கள் செலுத்தினர்: 1990இல் தொடங்கிய பரவலில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர், ஏறத்தாழ ஐயாயிரம் பேர் மாண்டனர். குழந்தை நோய் என்று எண்ணப்பட்ட ஒன்றில் பெரும்பாலான நோயாளிகள் வளர்ந்தவர்கள். குறிப்பாக நாற்பது வயதைக் கடந்தவர்கள் மிகுதியாகத் துன்புற்றனர். வயதுவந்தோர் அனைவருக்கும் பெருமளவில் ஊசி போட்ட பிறகே பரவல் அடங்கியது.

எல்லாத் தடுப்பூசியும் இவ்வாறு தேய்வதில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். மஞ்சள் காய்ச்சலுக்கான ஊசிச் சான்று பத்தாண்டு செல்லும் என்றிருந்த விதி, ஒரே ஊசி பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுவதும் போதும் என்று கண்டறியப்பட்டு 2016 ஜூலையில் மாற்றப்பட்டது. ஜென்னரின் நம்பிக்கை அந்த நோயளவில் மெய்யாயிற்று எனலாம்.

டெட்டனஸ் எனப்படும் ரண ஜன்னி இதற்கு நேர்மாறானது; அதற்கான ஊசியின் காவல் காலப்போக்கில் தேயும். அதன் கிருமி மண்ணில் வாழ்கிறது, மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுவதில்லை. ஆகையால் பக்கத்து வீட்டார் ஊசி போட்டுக்கொள்வது மற்றவர் எவரையும் காக்காது. இந்தியாவின் பொதுத் திட்டத்தில் பத்து, பதினாறு வயதுகளில் இதற்கான ஊசி உண்டு. பின்னர்க் கருவுற்ற பெண்களுக்கு உண்டு. அந்த ஊசியும் இப்போது டிப்தீரியாவையும் சேர்த்துத் தடுக்கும் 'டி.டி.' (Td) ஊசியாக மாற்றப்பட்டுள்ளது. ஆனால் பதினாறு வயதைக் கடந்த ஆணுக்கும், மகப்பேறு காணாத பெண்ணுக்கும், பிள்ளை பெற்று நெடுநாள் ஆகிவிட்ட மூதாட்டிக்கும் அந்த அட்டவணையில் இடம் இல்லை. அவர்களில் பலருக்கு அடுத்த ஊசி, காலில் ஆணி ஏறிய பிறகோ மண்வெட்டி பட்டுக் குருதி வழிந்த பிறகோதான் போடப்படுகிறது.