படுவான்கரைப் பொழுதும் பன்னூறாயிரப் பொன் கடிகாரமும்

மட்டக்களப்பு வாவியின் கீழ்க்கரையை எழுவான்கரை என்றும் மேற்கரையைப் படுவான்கரை என்றும் வழங்குவர். ஞாயிற்றின் எழுதலும் படுதலும் கொண்டு நிலத்துக்குப் பெயரிட்டோர் இந்நாட்டு மக்கள். படுவான்கரையின் கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீசுவரர் கோயில் விழாக்களும் பஞ்சாங்கங் கொண்டே குறிக்கப்படுவன. அக்கணக்கின் அருமை, மேனாட்டுப் பொறியொன்றோடு ஒப்புநோக்குமிடத்து நன்கு விளங்கும்.

2019 நவம்பர் 9 இல் ஜெனீவாவிலே கிறிஸ்ரீஸ் நிறுவனத்தார் நடத்திய ஏலத்தில், பற்றெக் பிலிப் கைக்கடிகாரமொன்று 3 கோடியே 10 இலட்சம் சுவிஸ் பிராங்கு பெற்றது. அதுவரை எக்கடிகாரமும் அவ்விலை பெற்றதில்லை. 2014 இல் விலைபோன ஹென்றி கிறேவ்ஸ் என்பாரின் சட்டைப்பைக் கடிகாரமும் 2 கோடியே 32 இலட்சத்தளவிலேயே நின்றது. புதியதன் இயக்கத்தில் 1366 உறுப்புக்கள் உள, இருபுறமும் முகப்புண்டு, நேரத்தையும் தேதியையும் ஒலித்துக் காட்டும். எனினும் விலை முழுவதும் பொறிக்கென்று கொள்ளுதல் பொருந்தாது. இதே பொறியமைந்த பொற்கடிகாரங்கள் மிகக் குறைந்த விலையின. இதுவோ உருக்கினாலானது, அவ்வகையில் ஒன்றே ஒன்று. ஏலப்பணமும் தசைநலிவு நோய் ஆராய்ச்சிக்குரியது.

இதிலுள்ள நிலைநாட்காட்டி பழைய கலையாகும். இங்கிலாந்திலே தோமஸ் மட்ஜ் என்பார் 1762 அளவில் அதனைச் சட்டைப்பைக் கடிகாரத்தில் அமைத்தார். 1925 இல் அது மணிக்கட்டுக்கு வந்தது. நான்காண்டுக்கொருமுறை சுழலும் சில்லொன்றில் 48 மாதங்களுக்குரிய இடங்கள் உள. வெட்டின் ஆழம் மாதத்தின் நாட்டொகையை உணர்த்தும். பெப்ரவரிக்குரியதே மிக ஆழமானது. நெம்புகோல் ஒன்று அதனைத் தடவி அறிந்து தேதியை நகர்த்தும்.

தமிழ் மாதத்துக்கு இத்தகைய சில்லு வெட்டுதல் இயலாது. மார்கழி 29 நாளாதலும் 30 ஆதலும் உண்டு; ஆனி 32 வரை செல்லும். வாக்கியப் பஞ்சாங்க ஆண்டு 365 நாள் 15 நாழிகை 31 விநாடி 15 தற்பரை. அந்த 15 நாழிகை ஆறு மணி நேரம்; நான்காண்டுச் சில்லு அதனைத் தாங்கும். எஞ்சிய பன்னிரண்டரை நிமிடமே சில்லுக்கு அடங்காதது. அன்றியும், ஞாயிறு படுமுன் சங்கிராந்தி நேரின் அன்றே மாதப்பிறப்பு. பட்டபின் நேரின் மறுநாள். ஆகவே அவ்வூரின் படுபொழுதையும் பொறி அறிந்திருத்தல் வேண்டும்.

ஜெனீவாக் கடிகாரத்துக்கும் ஓர் எல்லையுண்டு. 2100 ஆம் ஆண்டு நான்கால் வகுபடினும் நெட்டாண்டன்று. சில்லு அதனை அறியாது. பெப்ரவரி 28 இன் பின் 29 ஐயே காட்டும். அன்று அதனை வைத்திருப்பவர் கையாலேயே மார்ச்சு முதலாந் தேதிக்குத் திருப்புதல் வேண்டும்.