பின்புறத்துக் கட்சி

சென்ற தை மாதம் தியாகராஜ ஆராதனைக்குத் திருவையாறு போயிருந்தேன். காவிரிக் கரையில் பந்தல் கொள்ளாத கூட்டம். ஆண்களும் பெண்களும் ஒரே குரலாகப் பஞ்சரத்தினம் பாடினார்கள். பக்கத்திலிருந்த பெரியவர், "ஆதி நாளிலிருந்தே இப்படித்தான், ஸார்!" என்று பரவசப்பட்டார். நானும் தலையை ஆட்டி வைத்தேன். ஆனால் மனம் ஒப்பவில்லை.

ஸ்வாமிகள் சித்தியடைந்தது 1847-ல். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆராதனை நடத்தியவர்கள் பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று இரண்டாகப் பிரிந்தார்கள். எதிலும் ஒத்துப்போகாத அந்த இரண்டு கட்சிகளும் ஒரே ஒரு விஷயத்தில் ஒற்றுமையாக இருந்தன. பெண்கள் அங்கே கச்சேரி செய்யக் கூடாது! சங்கீதம் ஆண்பிள்ளைகளின் சொத்து என்பது சொல்லாமலே விளங்கிய சட்டம். பெண் பாடினால் அது கேளிக்கை. ஆண் பாடினால் நாதோபாசனை.

இவர்கள் வாதாடிக் கொண்டிருக்கையில் சமாதி கவனிப்பாரற்றுக் கிடந்தது. அந்தச் செய்தி பெங்களூர் நாகரத்தினம்மாளுக்கு எட்டியது. அவர் தேவதாசி குலத்தில் 1878-ல் பிறந்தவர், பெரிய பாடகி, படித்தவர். முத்துப்பழனி என்ற பெண் கவி இயற்றிய 'ராதிகா சாந்த்வனம்' என்னும் தெலுங்குக் காவியத்தை 1910-ல் முழுமையாகப் பதிப்பித்து, சர்க்காரின் தடைக்கு ஆளானவர். தடைக்கு அஞ்சாதவர் கட்சிகளுக்கா அஞ்சுவார்? தாம் பாடிச் சம்பாதித்த பொருளைச் செலவிட்டு நிலம் வாங்கினார். சமாதியின் மேல் கோயில் எழுப்பினார். 1926-ல் கும்பாபிஷேகம் நடந்தது.

கோயில் அவருடைய பணத்தில் எழுந்தது. ஆனால் அந்தக் கோயிலின் முன்னால் பாட அவருக்கு இடமில்லை! பெண்ணின் பணத்துக்கு இல்லாத தீட்டு அவள் குரலுக்கு மட்டும் எங்கிருந்து வந்ததோ?

அவர் அழுதுகொண்டு ஊர் திரும்பவில்லை. 1927-ல் பெண்களைத் திரட்டினார். சமாதியின் பின்புறத்தில் அமர்ந்து அவர்கள் தனியாக ஆராதனை நடத்தினார்கள். இப்படி மூன்றாவதாகப் 'பெண்கள் கட்சி' பிறந்தது. முன்புறத்தில் வித்வான்கள், பின்புறத்தில் பெண்கள். நடுவில் ஸ்வாமிகள் இரு பக்கமும் கேட்டுக் கொண்டிருந்திருப்பார். 1940-ஐ ஒட்டி மூன்று கட்சிகளும் ஒன்றாயின. பின்புறம் முன்புறத்துக்கு வந்தது.

இத்துடன் முடித்தால் சுபமான கதை. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. தேவதாசி ஒழிப்புச் சட்டம் 1947-ல் வந்தது. அந்தக் காலத்தை ஒட்டியே நம்மைப் போன்ற நடுத்தரக் குடும்பத்துப் பெண்கள் துணிந்து மேடை ஏறினார்கள். ஏறியது நல்லதுதான். ஆனால் கதவைத் திறந்து வைத்தவர்களை, வீட்டுக்குள் நுழைந்த நாம் மெல்ல மறந்துவிட்டோம். 'குடும்பப் பெண்கள்' என்று நம்மைச் சொல்லிக்கொண்டபோதே, அவர்களை மறுபடியும் பின்புறத்துக்கு அனுப்பிவிட்டோம் அல்லவா?

நாகரத்தினம்மாள் 1952-ல் காலமானார். அவருடைய சமாதியும் ஸ்வாமிகளின் சமாதிக்கு அருகிலேயே இருக்கிறது. கூட்டம் கலைந்த பிறகு பெரியவரை அங்கே அழைத்துப் போனேன். சிலையைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "இந்த அம்மாள் யார், ஸார்?" என்று கேட்டார்.

"இது அவர் கட்டிய கோயில்" என்றேன்.