புதுச்சேரியில் விழுந்த ஒரு கையெழுத்து

1770களின் பிற்பாதியில் புதுச்சேரியில் பியர் சொன்னரா என்றொரு பிரெஞ்சுக்காரர் இருந்தார். பார்த்தது அரசாங்க உத்தியோகம். மனசு முழுக்கப் பறவை, செடிகொடி, கோவில், திருவிழா. கண்ணில் பட்டதையெல்லாம் வரைந்தார், காதில் விழுந்ததையெல்லாம் குறித்துக்கொண்டார். 1782ல் அவருடைய பயண நூல் பாரிஸில் அச்சேறியது. அடுத்த ஆண்டே ஜெர்மன் மொழிக்கும் போனது. மனித உருவில் வந்த தெய்வம் ஒரு கணிகையோடு தங்கி, அவள் அன்பைச் சோதித்து, கடைசியில் ஆட்கொண்ட கதை ஒன்று அதில் இருந்தது. நம் ஊர்த் திண்ணைகளில் கேட்டுச் சலித்த வகைக் கதைதான். ஆனால் ஜெர்மனியில் அது போய்ச் சேர்ந்த இடம் கதேயின் மேசை.

1797ல் கதே அதை நெடுங்கவிதையாக்கினார். அந்தக் கவிதையிலிருந்து 1830ல் பாரிஸ் ஆப்பராவுக்கு ஒரு மேடைப் படைப்பு பிறந்தது. இசை தானியேல் ஓபேர். பாதி பாட்டு, பாதி ஆட்டம். கோவில் நாட்டியக்காரியாக ஆடியவர் மரி தக்லியோனி. விரல் நுனியில் நின்று, வெள்ளை மஸ்லினில் மிதந்து, பாரிஸையே கிறங்கடித்தவர். கோவில் நாட்டியக்காரி என்றால் இப்படித்தான் இருப்பாள் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. நிஜமான ஒருத்தியை அங்கே யாரும் பார்த்ததில்லை. அந்தக் குறையைத் தீர்த்து நாலு காசு பார்க்கலாம் என்று ஒருவருக்குத் தோன்றும் வரை.

அவர் பெயர் தார்திவெல். தொழில், வேடிக்கை காட்டுவது. 1838ல் அவர் கண் வைத்தது திருவந்திபுரத்தின் மேல். கெடிலம் ஆற்றங்கரையில் தேவநாதப் பெருமாள் கோவில். கடலூருக்குப் பக்கம், அதாவது ஆங்கிலேயர் சீமை. ஒப்பந்தம் எழுதியதோ பிரெஞ்சுக்காரர் ஊரான புதுச்சேரியில். ஐந்து பெண்கள், மூன்று ஆண்கள், பதினெட்டு மாதம். பெருமாள் சந்நிதியில் சதிர் ஆடியவர்கள் கப்பலேறிக் கடல் தாண்டச் சம்மதித்தார்கள். அந்தக் காலத்தில் அது சாமானிய முடிவல்ல.

பாரிஸ் ஏடுகள் சிதைத்து எழுதிய பெயர்களை நம் வாய்க்குத் திருப்பினால் ஏறக்குறைய இப்படி வரும்: தில்லம்மாள், அம்மணி, ரங்கம், சுந்தரம், வேதம். மூத்தவளுக்கு முப்பது வயது, அம்மணிக்குப் பதினெட்டு, கடைக்குட்டி வேதத்துக்கு ஆறு என்றன அந்த ஏடுகள். ஆண்களில் ஒருவர் மத்தளம், ஒருவர் ஊதுகுழல். மூன்றாமவர் இராமலிங்கம். கையில் ஒரு ஜோடித் தாளம். வாயில் பாட்டும் சொற்கட்டும். ஆடுகிறவள் கால் எங்கே விழவேண்டும், மத்தளம் எங்கே நிற்கவேண்டும் என்பதெல்லாம் அந்த மனிதர் கையில் இருந்தது. மொத்தக் கச்சேரியையும் நடத்துகிறவர் நட்டுவனார்தான்.

நடத்துகிறவர்கள் பாரிஸிலும் இருந்தார்கள். ஆப்பராவின் வாத்தியக்குழு பிரான்சுவா அபனெக் கையில் இருந்தது. கோல் பிடிக்கும் வழக்கம் வேறு ஊர்களில் பரவிக்கொண்டிருந்தபோதும், வயலின் வில்லாலேயே அத்தனை பேரையும் கட்டி மேய்த்தவர். பெத்தோவனைப் பாரிஸுக்குக் கொண்டுவந்தவர் என்று பெயர் வாங்கியவர். அவர் நடத்திய ஒன்பதாவது சிம்பொனியைக் கேட்டு இளம் வாக்னர் வியந்து எழுதினார். அதே அபனெக் 1837 டிசம்பரில் இசையமைப்பாளர் பெர்லியோஸின் இரங்கல் இசையை நடத்தும்போது, நாலாபுறமும் நின்ற பித்தளை வாத்தியங்கள் முழங்கவேண்டிய இக்கட்டான இடத்தில், சாவகாசமாகப் பொடி டப்பாவைத் திறந்தாராம். தானே பாய்ந்து போய்த் தாளம் காட்டியதாக பெர்லியோஸ் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதிவைத்தார். பெர்லியோஸ் வம்பை விரும்புகிறவர். கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் நம்பவேண்டும். எப்படியானாலும், ஒரு பொடி டப்பாவுக்காக இசை நடத்துநரைத் தூக்கிலேற்றும் அளவுக்கு விமர்சனம் கூர்மைப்பட்டிருந்த ஊர் அது. அந்த ஊரின் மேடைக்குத்தான் இராமலிங்கம் தன் தாளத்தோடு வந்து நின்றார்.

மன்னர் லூயி-பிலிப்பின் அரண்மனையில் ஆடினார்கள். 1838 ஆகஸ்ட் 22 அன்று வாரியேத்தே அரங்கில் பொதுமக்கள் முன் முதல் ஆட்டம். சின்னச் சின்னத் தமாஷ் நாடகங்களுக்கு நடுவே அவர்கள் முறை வந்தது. ஒருத்தி நின்ற இடத்திலேயே சுழன்று சுழன்று, மஸ்லின் துணியை மடித்து முறுக்கி, பனைமரத்தையும் அதில் அமர்ந்த புறாக்களையும் செய்து காட்டினாள். கூட்டம் வாய் பிளந்தது. ஆனால் மறுநாள் பத்திரிகைகளில் கருத்து இரண்டாகப் பிளந்திருந்தது.

பலருக்கு ஏமாற்றம். தக்லியோனி மாதிரி இல்லையே! தரையை விட்டு எழும்பவில்லை. பாதம் பட்டுப் பட்டு ஒலித்தது. கண்ணும் விரலும் என்னவோ பேசின. பக்கவாத்தியம் பல விமர்சகர்களுக்கு வெறும் இரைச்சல். இராமலிங்கம் அங்கே தாளத்தால் என்ன செய்துகொண்டிருந்தார் என்று அவர்களுக்குப் பிடிபடவே இல்லை. போலியைப் பார்த்துப் பழகியவர்கள் அசலைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள். அத்தோடு இந்தக் கதை முடிந்திருக்கும், முப்பது வயதைத் தொடாத ஒரு விமர்சகர் குறுக்கே வராவிட்டால்.

தியோஃபில் கோத்தியே ‘லா பிரெஸ்’ இதழுக்கு நாடக விமர்சனம் எழுதிவந்தார். ஆட்டம் தொடங்குமுன்பே இவர்கள் தங்கியிருந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அம்மணி என்ற பெயரைத் தன் வாசகர்கள் மனதில் பதியவைத்தது அவர் பேனாதான். சிற்பி பார் அம்மணியை வெண்கலத்தில் வார்த்தார். சில வாரம் பாரிஸுக்குப் பேச இதைவிட நல்ல விஷயம் கிடைக்கவில்லை. செப்டம்பர் 10 அன்று ஆப்பராவில் பெர்லியோஸின் ‘பென்வெனுத்தோ செல்லினி’ அரங்கேறியது. நடத்தியவர் அதே அபனெக். முன்னிசைக்குக் கைதட்டல், மற்றதுக்கெல்லாம் சீழ்க்கை. அந்தப் படைப்பு அன்று எழவே இல்லை. திருவந்திபுரத்துக்காரர்களோ லண்டனில் அடெல்ஃபி அரங்குக்கும், பிறகு ஐரோப்பாவின் மற்ற ஊர்களுக்கும் போனார்கள். வேடிக்கை ஓய்ந்தது, ஏடுகள் வேறு அதிசயத்தைத் தேடிக்கொண்டன. கோத்தியே மட்டும் மறக்கவில்லை.

இருபது ஆண்டு கழித்து, 1858ல், காளிதாசனின் சாகுந்தலத்தை எடுத்து அவர் ஒரு பாலே நாடகம் எழுதினார். இசை எர்னஸ்ட் ரேயர். ஆட்ட அமைப்பு லூசியன் பெத்திபா. சில காலம் ஓடி நின்றுபோனது. ஆனால் லூசியனுக்கு ஒரு தம்பி இருந்தார்.

தம்பி மரியுஸ், மார்செய்யில் பிறந்தவர். ஸ்பெயினில் ஆடிக்கொண்டிருந்தபோது பெண் விவகாரத்தில் ஒரு பிரபுவோடு துப்பாக்கிச் சண்டை வரை போய், ஊரைவிட்டே கிளம்பவேண்டியதாயிற்று. அவர் வாழ்க்கையில் இப்படியொரு அத்தியாயம் உண்டு. 1847ல் வேலை கிடைத்த இடம் பீட்டர்ஸ்பர்க், ஜாரின் அரங்கு. தற்காலிகமாகப் போன மனிதர் ஆயுள் முழுக்க ரஷ்யாவிலேயே தங்கிவிட்டார். 1877ல் இந்தியக் கதையொன்றை எடுத்தார். ராஜாவின் மகளுக்கும் கோவிலில் ஆடுகிறவளுக்கும் நடுவே தவிக்கும் வீரன், பொறாமை பிடித்த பூசாரி, பூக்கூடைக்குள் பாம்பு. அண்ணன் அமைத்த சகுந்தலையின் சாயல் ஆங்காங்கே தெரிந்தது. இசையமைக்க ஆள் வேண்டும். கிடைத்தவர் லுட்விக் மின்குஸ்.

வியன்னாவில் பிறந்த மின்குஸ் வயலின்காரர். ஒரு ரஷ்யப் பிரபுவின் வாத்தியக்குழுவை நடத்தியவர். இந்தியாவில் நடக்கும் கதைக்கு வியன்னா வால்ட்ஸ் எழுதினார். கேட்கச் சுகமான இசைதான், குறை சொல்ல மனம் வராது. ஆனால் பாரிஸ் விமர்சகர்கள் எதை இரைச்சல் என்றார்களோ, அதில் ஒரு துளிகூட இதற்குள் நுழையவில்லை. 1877 பிப்ரவரி 4 அன்று அரங்கேற்றம். நாயகி எகதெரினா வாசெம். இறந்துபோனவளை வீரன் கனவில் காணும் காட்சியில், வெள்ளை உடையில் பெண்கள் ஒருவர் பின் ஒருவராகச் சரிவில் இறங்கி வந்தார்கள். ரஷ்யா அதைக் கொண்டாடியது. அதற்கப்பால் ஐரோப்பாவின் மேற்குப் பாதிக்கு ஏறக்குறைய ஒன்றும் எட்டவில்லை.

ரஷ்யாவில் புரட்சி வந்தது. கடைசி அங்கம் உதிர்ந்துபோனது. மின்குஸ் 1917ல் வியன்னாவில் வறுமையில் இறந்தார். 1961 மே மாதம், லெனின்கிராட் என்று பெயர் மாறியிருந்த பீட்டர்ஸ்பர்க்கின் பாலே குழு பாரிஸுக்கு அந்தக் கனவுக் காட்சியை மட்டும் கொண்டுவந்தது. வீரனாக ஆடிய 23 வயது இளைஞரைக் கண்டு விமர்சகர்கள் தலைகால் புரியாமல் எழுதினார்கள். அவர் ருடால்ஃப் நுரேயெவ். ஜூன் 16 அன்று, குழு லண்டனுக்குக் கிளம்பவேண்டிய விமான நிலையத்திலேயே காவலர்களை மீறி அவர் பிரான்சில் தங்கிவிட்டார். கால்களில் ஆட்டம் இருந்தது. இசைப் பிரதி ரஷ்யாவில் இருந்தது.

இங்கேதான் ஓர் இசை நடத்துநர் கதையைக் காப்பாற்றுகிறார். ஜான் லாஞ்ச்பெரி, லண்டன் ராயல் பாலேயின் நடத்துநர். 1963ல் நுரேயெவ் அந்தக் காட்சியை அங்கே மேடையேற்றியபோது இசையைப் புதிதாக வாத்தியங்களுக்குப் பிரித்து எழுதிக் கொடுத்தார். 1980ல் நியூயார்க்கில் நத்தாலியா மக்கரோவா முழுப் படைப்பையும் எழுப்பியபோது, உதிர்ந்துபோன கடைசி அங்கத்துக்கு லாஞ்ச்பெரியே இசை எழுதினார். மின்குஸ் எங்கே முடிந்தார், லாஞ்ச்பெரி எங்கே தொடங்கினார் என்று சாதாரணக் காதுக்குத் தெரியாது. நடத்துநர்களுக்குக் கிடைக்கும் புகழ் இந்த மாதிரி வேலைக்குக் கிடைப்பதில்லை.

நுரேயெவுக்கு வயது ஏறியது, கால் ஓய்ந்தது, நோய் பிடித்தது. இசை நடத்துநர் காராயன் முன்பு சொன்ன யோசனையைக் கேட்டு அவரும் கோலைக் கையில் எடுத்தார். 1991ல் வியன்னாவில் வாத்தியக்குழு முன் நின்றார். 1992 மே மாதம் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அரங்கில் ‘ரோமியோ ஜூலியட்’ நடத்தினார். அப்போதே உடம்பு பாதியாகியிருந்தது. இருந்தும் அந்த இந்தியக் கதையை முழுதாகப் பாரிஸ் ஆப்பராவில் மேடையேற்றும் வேலையில் இறங்கினார். ரஷ்யாவிலிருந்து பெற்று வந்த மின்குஸ் பிரதியின் நகலில் ஓட்டைகள். அவற்றை அடைக்க மறுபடியும் லாஞ்ச்பெரி.

1992 அக்டோபர் 8. பாரிஸ் ஆப்பராவின் கார்னியே மாளிகை. திரை விழுந்ததும் நுரேயெவை மற்றவர்கள் தாங்கிப் பிடித்து மேடைக்குக் கொண்டுவந்தார்கள். அரங்கம் எழுந்து நின்றது. அன்றிரவே பிரெஞ்சு அரசு அவருக்கு உயர் கலை விருது அளித்தது. மூன்று மாதத்தில், 1993 ஜனவரி 6 அன்று இறந்தார். அந்தத் தயாரிப்பைப் பாரிஸ் ஆப்பரா பிறகும் திரும்பத் திரும்ப மேடையேற்றியது. மாஸ்கோ, லண்டன், நியூயார்க், டோக்கியோ என்று பெரிய பாலே அரங்குகள் பலவற்றிலும் இன்று அடிக்கடி திரை ஏறும் அந்தப் படைப்பின் பெயர் ‘லா பயாடேர்’. கோவில் நாட்டியக்காரி. 1838ல் பாரிஸ் ஏடுகள் அம்மணியையும் அவள் கூட்டத்தையும் அழைத்தது அதே பெயரால்தான்.