கவுத்திமலைக் கருமணல்

போன வாரம் பேரன், பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை மழைத்தண்ணீர் ஓடிய மணலில் துழாவினான். கறுப்புத் துகள்கள் மீசை மாதிரி ஒட்டிக்கொண்டன. "இரும்பா தாத்தா?" என்றான்.

இரும்பு இல்லை, மேக்னடைட். இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்த தாது. சுத்தமானதில் 100க்கு 72 பங்கு இரும்பு. ஹேமடைட்டும் சில சமயம் கறுப்பாகவே இருந்து ஏமாற்றும். டைல்ஸின் சொரசொரப்பான பின்பக்கத்தில் தேய்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஹேமடைட் செங்கோடு போடும், இது கருங்கோடு. பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தபோது காந்தத்தை 'எமான்' என்போம். அன்பு காட்டுகிறவருக்கும் அதே சொல்தான்!

நம் கவுத்திமலையிலும் வேடியப்பன் மலையிலும் இது வெண்கல்லோடு பட்டை பட்டையாகக் கிடக்கிறது. சேலம் கஞ்சமலையிலும் அப்படித்தான். அக்காலத்தில் மண் உலையில் மரக்கரி போட்டு, துருத்தி ஊதி உருக்கினார்கள். 1830 வாக்கில் ஹீத் என்ற வெள்ளைக்காரர் பரங்கிப்பேட்டையில் பெரிய ஆலையே வைத்தார். தாது சேலத்திலிருந்து போனது. அதற்கும் மரக்கரிதான், எத்தனை மரம் விழுந்திருக்கும்!

2000-களில் ஜிண்டாலும் டிட்கோவும் சேர்ந்து நம் மலைகளைக் கேட்டன. 325 ஹெக்டேர் காப்புக்காடு. மகனுக்கு வேலை கிடைக்குமே என்று ஆதரித்துப் பேசியவன் நான். வேடியப்பனைக் கும்பிடும் அடிவாரத்து நண்பர் ஆறு மாதம் என் வாசலை மிதிக்கவில்லை. ஊர்கள் எதிர்த்தன. உச்ச நீதிமன்றம் அமைத்த குழுவும் வேண்டாமென்றது.

பேரன் துகள்களை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறான். நண்பர் வந்தால் காட்டவேண்டும்.