திங்களின் மேடுபள்ளமும் தீட்டிய நிறங்களும்



கைக்குழந்தைக்குச் சோறூட்டும் தாய் முதன்முதலில் சுட்டிக் காட்டும் தொலைப்பொருள் நிலா. பிறந்த ஊரைவிட்டுப் பிழைப்பின்பொருட்டு நெடுந்தொலைவு வந்து, ரயில்வே குடியிருப்பின் மாடியில் நின்று நோக்கும் நமக்கும் அதே நிலாவே தோன்றுகின்றது. ஆயினும் அந்நிலாவில் எவ்விடம் மேடு, எவ்விடம் பள்ளம் என நம்முள் எத்துணைப் பேர் எண்ணிப் பார்த்திருப்போம்? யாமும் எண்ணியதில்லை, சென்ற ஆண்டு விழாவில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியே எம்மை எண்ண வைத்தது.

நம் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு மாணவர் அவ்விழாவில் ஒரு கண்காட்சி அமைத்திருந்தனர். அதில் நிலாவின் உயரப்படம் ஒன்றையும் பெரிதாக வரைந்து மாட்டியிருந்தனர். பள்ளி நிலப்படத்தைப் பின்பற்றித் தாழ்நிலத்துக்குப் பச்சையும் மேட்டுக்குச் செம்பழுப்பும் தீட்டியிருந்தனர். "பச்சையாய் உள்ள இடத்தில் புல் முளைத்திருக்குமோ?" என்றாள் ஒரு சிறுமி. பின்னர், பதினோர் அகவையுடைய எம் தங்கை மகனை அழைத்து, மிக உயர்ந்த இடத்தைக் காட்டுமாறு கேட்டனர். அவன் சற்றே தயங்கி, மிகத் தாழ்ந்த பள்ளத்தில் விரலை வைத்தான். கூடியிருந்தோர் நகைத்தனர். அவன் முகம் வாடிற்று. "மாமா, இரண்டும் ஒரே நிறமாகத்தானே இருக்கின்றன?" என்று எம்மிடம் மெல்லக் கேட்டான்.

யாம் நகைக்கவில்லை. ஏனெனில் எம் கண்ணுக்கும் அவை ஒரே நிறமாகவே தோன்றின. நிலாப்படத்தின் வரலாற்றையும், அதற்கு நிறம் வகுத்த வரலாற்றையும் யாம் தேடிப் படிக்கத் தொடங்கியது அன்றிரவேயாம்.

நிழலால் அளந்த காலம்

1609-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தாமஸ் ஹாரியட் தொலைநோக்கி வழியே நிலாவை நோக்கிப் படம் வரைந்தார். அதே ஆண்டின் இறுதியில் இத்தாலியில் கலீலியோவும் நோக்கினார். நிலாவின் ஒளிப்பகுதிக்கும் இருட்பகுதிக்கும் இடையிலான எல்லைக்கோட்டைத் தாண்டி, இருளின் நடுவே சிற்சில ஒளிப்புள்ளிகள் மின்னுவதை அவர் கண்டார். விடியற்காலையில் ஊரெல்லாம் இருண்டிருக்க, மலைமுடி மட்டும் வெயில் பெறுவதுபோன்றதே இது எனத் தெளிந்தார்.

அவர் போட்ட கணக்கு மிக எளியது. நிலாவின் குறுக்களவை 2,000 மைல் எனக் கொண்டார். எல்லைக்கோட்டிலிருந்து அவ்வொளிப்புள்ளி இருக்கும் தொலைவு குறுக்களவில் இருபதில் ஒரு பங்கு, அஃதாவது 100 மைல். ஆரம் 1,000 மைல். இவ்விரண்டையும் செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களாக வைத்தால், மூன்றாம் பக்கம் 1,004 மைலுக்குச் சற்று மிகும். ஆகவே மலையின் உயரம் 4 மைலுக்கு மேல் என்றார். இதனை 1610-இல் வெனிஸ் நகரில் வெளியிட்ட தம் நூலில் எழுதினார்.

பின்வந்தோர் மலைகளின் நிழல் நீளத்தைக் கொண்டு உயரம் கணித்தனர். 1647-இல் ஹெவீலியசும், 1651-இல் ரிச்சியோலியும் நிலாப்படங்களை வெளியிட்டனர். கருநிறச் சமவெளிகளுக்கு 'அமைதிக் கடல்', 'மழைக் கடல்' எனப் பெயரிட்டவர் ரிச்சியோலியே. ஆங்கு ஒரு துளி நீரும் ததும்பவில்லை; பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. 1834 முதல் 1836 வரை ஜெர்மானியராகிய பீரும் மேட்லரும் நான்கு பகுதிகளாக வெளியிட்ட படம் அக்காலத்தில் ஈடிணையற்றது.

ஆயினும் நிழற்கணக்கில் ஒரு குறை உண்டு. மலை தன் அடிவாரச் சமவெளியினின்று எவ்வளவு உயர்ந்துள்ளது என்பதையே நிழல் சொல்லும். நிலாவின் கீழைப்புறத்து மலை உயர்ந்ததா, மேலைப்புறத்து மலை உயர்ந்ததா என அது சொல்லாது. எல்லாவற்றுக்கும் பொதுவான ஓர் அடிமட்டம் இல்லாதவரை, நிலா முழுவதுக்கும் ஒரே நிறவரிசை தீட்டுவது இயலாத செயலாகவே இருந்தது.

மண்ணுலகப் படத்தில் நிறம் புகுந்த கதை

இதற்கிடையே மண்ணுலகப் படங்களில் நிறம் புகுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மானியராகிய எமில் வான் சிடோ தம் பள்ளி நிலப்படங்களில் தாழ்நிலத்துக்குப் பச்சையும் உயர்நிலத்துக்குப் பழுப்பும் தீட்டினார். ஆஸ்திரியப் படைத்தலைவர் பிரான்ஸ் வான் ஹவுஸ்லாப், உயரம் கூடக்கூட நிறமும் அடர வேண்டும் என்னும் நெறியை வகுத்தார். எடின்பரோ நகரத்துப் பார்த்தலோமியு குடும்பத்தார் தம் அடுக்குநிறப் படங்களை 1878-இல் பாரிஸ் பொருட்காட்சியில் வைத்தனர். 1898-இல் வியன்னாவில் கார்ல் பாய்க்கர் மற்றொரு கருத்தை உரைத்தார். செந்நிறம் கண்ணுக்கு அண்மையில் நிற்பதுபோலவும், நீலநிறம் பின்வாங்குவதுபோலவும் தோன்றுதலால், உயரத்துக்குச் செம்மை சார்ந்த நிறங்களே ஏற்றவை என்பது அவர் கொள்கை.

இவ்வாறு வழக்கில் வந்த பச்சையும் பழுப்பும் இன்றும் நம் பிள்ளைகளின் நிலப்படங்களில் உள்ளன. ஆனால் அவ்வழக்கிலும் ஒரு மயக்கம் ஒளிந்துள்ளது. பச்சை தாழ்நிலத்தைக் குறிக்குமேயன்றிப் பயிரைக் குறிக்காது. தாழ்ந்த பாலைவனமும் படத்தில் பச்சையாகவே தோன்றும். புல் முளைத்திருக்குமோ என்று வினவிய சிறுமியின் ஐயம் ஒருநூற்றாண்டுக்கு மேற்பட்ட பழைய ஐயமேயாம்.

கடலில்லா உலகிற்குச் சுழி எங்கே?

நம் ரயில் நிலையங்களின் பெயர்ப்பலகையில், ஊர்ப்பெயருக்குக் கீழே கடல்மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டர் என எழுதியிருப்பதை அனைவரும் கண்டிருப்பீர். உதகமண்டலத்து நிலையம் ஏறக்குறைய 2,200 மீட்டர் உயரத்தில் உள்ளது என்றால், அது கடலை அடிமட்டமாகக் கொண்டு சொன்ன கணக்கு. கடலே இல்லாத நிலாவில் பெயர்ப்பலகை நட்டால், அதில் எவ்வளவு என எழுதுவது?

இதற்கு அறிஞர் கண்ட வழி, நிலாவின் நடுப்புள்ளியினின்று 1,737.4 கிலோமீட்டர் ஆரமுள்ள ஓர் உருண்டையைக் கற்பனை செய்து, அதன் மேற்பரப்பைச் சுழியாகக் கொள்வதாகும். அதற்கு வெளியே நீட்டிநிற்பது மேடு. உள்ளே அமிழ்ந்திருப்பது பள்ளம். இந்த அளவைத் தந்தது லேசர் ஒளி. நிலாவைச் சுற்றும் கலம் ஓர் ஒளித்துடிப்பைக் கீழே செலுத்தி, அது தரையில் பட்டு மீளும் நேரத்தை அளக்கும். கலம் 50 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பின், போய்வர ஒரு நொடியில் ஏறக்குறைய மூவாயிரத்தில் ஒரு பங்கே ஆகும். அந்நேரத்தில் காணும் நுண்ணிய வேறுபாடே மேடுபள்ளத்தின் அளவு.

1971-இல் சென்ற அப்பல்லோ 15 முதலிய கலங்கள் தாம் சென்ற வழியில் மட்டும் இவ்வாறு அளந்தன. 1994-இல் கிளமென்டைன் என்னும் அமெரிக்கக் கலம், துருவங்களை ஒட்டிய பகுதி நீங்கலாக நிலா முழுவதையும் அளந்தது. 2007-இல் ஜப்பானியரின் ககுயா சென்றது. 2008 அக்டோபர் 22-இல் ஸ்ரீஹரிகோட்டாவினின்று எழுந்த நம் நாட்டுச் சந்திரயான்-1 கலத்திலும் லேசர் அளவி ஒன்றும், நிலவடிவம் படமெடுக்கும் கருவி ஒன்றும் இருந்தன. அதன் திட்ட இயக்குநர், பொள்ளாச்சிப் பக்கத்துக் கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை என்பதை யாவரும் அறிவர். 2009-இல் சென்ற அமெரிக்க ஆய்வுக்கலத்தின் கருவியோ, ஒரு துடிப்பை ஐந்து கதிராகப் பிரித்து, நொடிக்கு 28 முறை செலுத்தி, பல நூறு கோடி அளவுகளைத் திரட்டிற்று.

அவ்வளவுகளால் தெரிந்தது என்ன? நிலாவின் மிக உயர்ந்த இடம், நமக்குத் தோன்றாத மறுபக்கத்தில் 10,786 மீட்டர் உயரத்தில் உள்ளது. மிகத் தாழ்ந்த இடமும் மறுபக்கத்திலேயே, தென்துருவத்தை ஒட்டிய பெரும்பள்ளத்தினுள், 9 கிலோமீட்டருக்கும் கீழே உள்ளது. 1969-இல் மனிதர் முதலில் இறங்கிய அமைதிக் கடலோ, சுழிக்குக் கீழே ஏறக்குறைய 1.9 கிலோமீட்டர். ஆக, உச்சிக்கும் அடிக்கும் இடையே 20 கிலோமீட்டரளவு வேறுபாடு. நம் மண்ணுலகில் எவரெஸ்ட் முடியினின்று ஆழ்கடலின் அடிவரை உள்ள வேறுபாடும் ஏறத்தாழ இவ்வளவே. உருவத்தில் சிறிய நிலாவுக்கு இது மிகப் பெரிது.

வானவில்லின் குற்றம்

அளவு கிடைத்தது, இனி நிறம் வேண்டும். கணிப்பொறியாளர் பலர் வானவில்லையே எடுத்துக்கொண்டனர். ஊதாவிலும் நீலத்திலும் பள்ளம் தொடங்கும். பச்சையும் மஞ்சளும் இடைநிற்கும். சிவப்பில் மேடு முடியும். நாம் காணும் நிலா உயரப்படங்களுள் பல இவ்வகையின. பார்வைக்கு அவை கவர்ச்சியானவையே. ஆயினும் அவற்றில் மூன்று குற்றங்கள் உள்ளன.

முதலாவது, வானவில்லில் மஞ்சள் மட்டும் பளிச்சென நிற்கும். ஆகவே மேடுமன்று பள்ளமுமன்று என்னும் நடுத்தர நிலமே கண்ணை முதலில் இழுக்கும். நிறம் மாறும் இடத்தில் இல்லாத கரையொன்று இருப்பதுபோலவும் தோன்றும். இரண்டாவது, அப்படத்தைக் கருவெள்ளையில் நகலெடுத்தால் அடர்நீலமும் அடர்சிவப்பும் ஏறத்தாழ ஒரே கருமையாகிவிடும். யாம் அலுவலக நகற்பொறியில் இதனைச் செய்து பார்த்தோம். மலையுச்சியும் பாதாளமும் ஒன்றாயின. மூன்றாவது குற்றம், எம் தங்கை மகனை நாணச் செய்த குற்றம்.

சிவப்பும் பச்சையும் சிலர் கண்ணுக்கு வேறுபடா. ஐரோப்பிய ஆண்களுள் பன்னிருவருக்கு ஒருவர் இவ்வாறு உள்ளனர் என்பர். வேதியல் அறிஞர் ஜான் டால்டன் தமக்கே இக்குறை இருந்ததை 1794-இல் எடுத்துரைத்தார். ரயில்வே உலகம் இதனை உணர்ந்தது 1875-ஆம் ஆண்டுக்குப் பின். அவ்வாண்டு நவம்பரில் சுவீடன் நாட்டு லாகர்லுண்டா என்னுமிடத்தில் இரு ரயில்கள் மோதி ஒன்பதின்மர் மாண்டனர். உப்சாலாப் பேராசிரியர் ஹோம்கிரென், பணியாளர் நிறம் அறியாமையே காரணமாயிருக்கலாம் எனக் கருதி, நிறநிறமான கம்பளிநூற் கற்றைகளைக் கொண்டு ரயில்வேயினரைச் சோதிக்கலானார். விபத்துக்கு அதுவே காரணமா என்பதைப் பிற்கால ஆய்வாளர் ஐயுற்றனர். சோதனை மட்டும் உலகெங்கும் பரவி நிலைபெற்றது.

அச்சோதனையை யாமும் அறிவோம். இருபது அகவையில், எஞ்சின் ஓட்டும் பணியை நாடிக் கண் சோதனைக்குச் சென்றோம். புள்ளிகள் நிறைந்த தாளில் எண் யாதென வினவினர். எமக்குப் புள்ளிகளே தெரிந்தன, எண் தெரியவில்லை. சைகை விளக்கின் சிவப்பில் பல்லாயிரம் உயிர்கள் தங்கியிருத்தலால், அன்று எம்மை விலக்கியது முறையே என இன்றும் கருதுகின்றோம். எழுத்தர் நாற்காலி கிடைத்தது, வாழ்க்கை நடக்கின்றது. இக்குறை பெரும்பாலும் தாய்வழியே ஆண்மக்களுக்கு வருவது என்பர். எம் அன்னை எமக்குத் தந்ததை, எம் தங்கை தன் மகனுக்குத் தந்துள்ளாள். இருவரும் அறியாமலே தந்தனர்.

ஆனால் சைகை விளக்கு வேறு, நிலப்படம் வேறு. விளக்கின் நிறத்தை ஆளுக்கேற்ப மாற்ற இயலாது. படத்தின் நிறத்தையோ, எல்லோர் கண்ணுக்கும் ஏற்ப வகுக்க இயலும்.

நல்ல நிறவரிசை எது?

அறிஞர் இன்று கூறும் நெறி, ஹவுஸ்லாப் அன்று கூறியதற்கு உறவுடையதே. நிறம் எதுவாயினும், அதன் வெளிச்சம் ஒரே சீராக ஏறவோ இறங்கவோ வேண்டும் என்பதே அந்நெறி. 2015-இல் கணிப்பொறிப் படங்களுக்கென ஒரு வரிசை இவ்வாறு வகுக்கப்பட்டது. அது கருநீல ஊதாவில் தொடங்கி, நீலப்பச்சை வழியே சென்று, வெளிர்மஞ்சளில் முடிகின்றது. கருவெள்ளை நகலிலும் அதன் ஒழுங்கு கெடாது. நிறம் அறியாக் கண்ணும் இருளுக்கும் ஒளிக்கும் உள்ள வேறுபாட்டால் உயரத்தை அறியும்.

நிலாவுக்கு வேறு சில கவலைகளும் உள. 20 கிலோமீட்டரையும் சமபங்காகப் பகிர்ந்தால், சில நூறு மீட்டரே உயர்ந்த சமவெளி வரப்புகள் ஒரே நிறத்தில் மறைந்துபோகும். ஆகவே தாழ்நிலத்தை ஆராய்வோர் அங்குப் படிகளை நெருக்கமாக வைப்பர். மேலும், படத்தில் மலைநிழலும் தீட்டுவதாயின், நிறவரிசையின் கருமை மிகுதல் கூடாது; மிகுந்தால் எது நிழல், எது பள்ளம் எனத் தெரியாது.

இஃது ஓவிய அழகு மட்டும் பற்றிய செய்தி அன்று. 2023 ஆகஸ்டு 23-இல் சந்திரயான்-3 நிலாவின் தென்பகுதியில் மெல்ல இறங்கியது. சமமான இடம் எது, சரிவான இடம் எது என முன்னரே படங்களில் நோக்கித் தேர்ந்த பின்னரே அது இறங்கிற்று. அத்திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்தார். ரயில்வே தொழில்நுட்பப் பணியாளர் ஒருவரின் மகன். அச்செய்தி கேட்ட அன்று நம் குடியிருப்பில் இனிப்பு வழங்கியது பலர் நினைவில் இருக்கும்.

இவ்வாண்டு விழாவுக்கு அப்படத்தை மீண்டும் வரைந்துள்ளோம். வகுப்பு மாணவர் வரைய, எம் தங்கை மகன் அருகிருந்து, தனக்கு வேறுபடாத நிறங்களை ஒவ்வொன்றாக விலக்கினான். கருநீலத்தில் தொடங்கி வெளிர்மஞ்சளில் முடியும் படம் அது. முடித்தபின், உயர்ந்த இடத்தைக் காட்டுமாறு அவனை ஒருவரும் கேட்கவில்லை. அவனே சென்று விரலை வைத்தான். சரியான இடந்தான்.

இம்மலர் கருமையில் மட்டுமே அச்சாவதால் படத்தை இங்கு வெளியிட இயலவில்லை. மன்றத்தின் வடக்குச் சுவரில் மாட்டியுள்ளோம். அன்பர்கள் வந்து நோக்குக. பிள்ளைகளையும் அழைத்து வருக. எவரேனும் ஒரு பிள்ளை இரு நிறத்தை ஒன்றெனக் கூறின், நகையாது, படத்தையும் ஒருமுறை ஐயுற்று நோக்குமாறு வேண்டுகின்றோம்.